வீட்டுக்கார அக்கா

வீட்டுக்கார அக்காவின் காதைப் பார்த்தால் போதும், அவர் கட்டும் வீடு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். காதில் தோடு இருந்தால் அத்திவாரம் இன்னும் வெட்டவில்லை. தோட்டுக்குப் பதிலாக ஈர்க்கில் துண்டு செருகியிருந்தால் சுவர் எழும்பிக் கூரைக்கு வந்துவிட்டது, மரத்துக்கும் ஓட்டுக்குமாகத் தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டது. ஈர்க்கிலும் இல்லாமல் வெறும் துளையோடு திரிந்தால் பூச்சு வேலை நடக்கிறது, சீமெந்துத் தூசு பட்டுக் காது புண்ணாகியிருக்கிறது. செங்கலடிச் சந்தையில் அவரைத் தூரத்தில் கண்டால் என் மனைவி முதலில் காதைத்தான் பார்ப்பாள். "அக்காட வீடு கூரைக்கு வந்திட்டு" என்று வீட்டுக்கு வந்து எனக்குச் செய்தி வாசிப்பாள்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது, நல்ல பெயர்தான். அவரோடு பழகிய இவ்வளவு காலத்தில் நாங்கள் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் வீட்டுக்கார அக்கா, அவருக்கு நான் தம்பி. அதனால் இங்கேயும் அவருடைய பெயரை எழுதாமல் விடுகிறேன்.

வெல்லாவெளியிலிருந்து செங்கலடிக்குக் கிளாக்கர் வேலையில் மாற்றலாகி வந்தபோது எனக்குக் கலியாணமாகிக் கொஞ்ச நாள்தான். பல்கலைக்கழகக் கெம்பஸ் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறதென்று கந்தோரில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிற வீடு. இளநீலப் பூச்சு, சிவப்புத் தரை, பெரிய யன்னல்கள். வளவின் பின்புறத்தில் ஒரு தகரக் கொட்டில். அதன் வாசலில் ஒரு பெண் சாந்துச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்து, "வீட்டுக்காரர் இரிக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஓம், இரிக்காங்க. கொஞ்சம் நில்லுங்க" என்றார். கையைக் கழுவினார், கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தார், கொட்டிலைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக வந்து வாசற்படியில் ஏறி நின்றார்.

"சொல்லுங்க தம்பி, நான்தான் வீட்டுக்காரி."

நான் அசடு வழிந்தேன். அவர் சிரிக்கவில்லை. வேலை என்ன, பிள்ளைகள் உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அவர் கேட்டது வேறு.

"எத்தின ஆணி அடிப்பீங்க?"

எனக்கு விளங்கவில்லை. அவர் சுவரைத் தடவிக் காட்டினார். "சாமிப் படத்துக்கு ஒரு ஆணி, கலண்டருக்கு ஒரு ஆணி. மூணாவது ஆணி அடிக்கிறண்டா என்னட்டக் கேக்கணும்."

அந்த வீட்டை நாங்கள் மாத வாடகைக்கு எடுக்கவில்லை, ஒற்றிக்கு எடுத்தோம். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருக்க வேண்டும். மாதாமாதம் ஒன்றும் கட்டத் தேவையில்லை. வெளியேறும் நாளில் கொடுத்த தொகை அப்படியே கைக்குத் திரும்பி வரும். என் மாமனார் தன் வட்டையில் ஒரு துண்டு வயலை விற்றுத் தந்த காசு எங்களிடம் இருந்தது. அதைக் கொண்டுபோய் அக்காவின் கையில் வைத்தோம். மறுவாரமே வாசல் ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கத்தில் அவருடைய இரண்டாவது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். எங்கள் காசுதான் அங்கே கல்லும் மண்ணுமாக இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். பயமாகவும் இருந்தது. மனைவியிடம் சொன்னேன். அவள் யன்னலால் எட்டிப் பார்த்தாள். அக்கா தலையில் கல்லோடு போய்க்கொண்டிருந்தார். "அந்தக் காசுக்கு ஒண்டும் ஆகாது" என்றாள்.

அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூன்றாவது தவழும்போதே வயலில் பாம்பு கடித்துப் புருசன் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை என்றால் அவளுக்கு ஒரு வீடு வேண்டும். கட்டிக்கொள்கிறவன் அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பான். பெற்றவர்கள் இருந்த வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு வளவுக்குள்ளேயே ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு, அவர்களுக்கு மறுபடியும் ஒரு குடில். இது புதிதல்ல, எல்லாரும் செய்வதுதான். அக்கா அதை ஒரு தொழிலாகவே ஆக்கிக்கொண்டார். பிள்ளை கலியாண வயதுக்கு வரும்வரை வீடு சும்மா கிடக்கப்படாது என்பார். வீட்டை முடி, ஆட்களுக்குக் கொடு, வருகிற காசில் அடுத்ததைத் தொடங்கு. தான் மட்டும் எப்போதும் அடுத்த வீட்டின் கல்லுக்கும் மணலுக்கும் காவலாகக் கொட்டிலில்.

"அக்கா, ஒரு மாசமாவது இந்த வீட்டுல இருந்து பாத்திருக்கலாமே, நாங்க வாறதுக்கு முதல்ல" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"முடிஞ்ச வீட்டுல எனக்கு நித்திரை வராது புள்ள" என்றார்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தோம். பிறகொரு நாள், தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். புருசன் செத்த பிறகு இரண்டு தடவை குவைத்துக்குப் போயிருக்கிறார். மாளிகை மாதிரி வீடாம். தரை முழுக்கப் பளிங்கு. "அந்தத் தரைய ஒவ்வொரு நாளும் நான்தான் துடைச்ச. ஒரு நாளாவது அதுல கால நீட்டி இருந்ததில்ல. சாமான் அறையில அரிசி மூட்டைக்குப் பக்கத்துலதான் படுக்கை. அங்க படுத்துக்கொண்டுதான் இந்த மூணு வீட்டயும் மனசுக்குள்ள கட்டின." சொல்லிவிட்டுத் தேங்காய்ப் பூவைச் சுளகில் கொட்டி எழும்பிப் போய்விட்டார். அவர் தன் கதையைச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

வீடு என்றால் அவருக்கு ஒரு பைத்தியம். செத்த வீட்டுக்குப் போனாலும் அவருடைய கண் கூரை வளைக்குத்தான் போகும். ஒருமுறை ஊரில் பெரிய மனிதர் ஒருவரின் மரணத்துக்கு என் மனைவியும் அவரும் போனார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். அக்காவும் அழுகிறார். அழுதுகொண்டே மனைவியின் காதுக்குள், "மேல பாரு புள்ள, கறையான். பாவம், இவங்களுக்குத் தெரியாது" என்றாராம். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போய்க் கறையானுக்கு மருந்தடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை. யாருடைய வீடானாலும் அவருக்குப் பொறுக்காது.

மூத்தவளுக்குக் கலியாணம் பேசி முடிந்ததும் அக்கா எங்களிடம் வந்தார். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை.

"தம்பி, சாமான் கட்டுங்க. எதிர் வீடு முடிஞ்சிட்டு, அதுக்குப் போவம்."

உழவு இயந்திரப் பெட்டியை அவரே பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் அலுமாரியின் ஒரு பக்கத்தை அவர் தூக்கினார், மறுபக்கத்தை நான். எங்கள் ஒற்றிக் காசை அவர் திருப்பித் தரத் தேவையில்லை. காசு அங்கேயே இருக்க, நாங்கள் மட்டும் ஒழுங்கையைக் கடந்து இரண்டாவது வீட்டுக்குப் போனோம். கொட்டிலின் தகரங்களும் பின்னாலேயே கடந்து வந்தன. சில வருசம் கழித்து இரண்டாவது மகளின் கலியாணத்துக்கும் அதே கதைதான். மூன்றாவது வீட்டுக்குப் போனோம். பார்க்கப் போனால் அவர் கட்டிய மூன்று வீட்டிலும் புது மணம் மாறமுதல் குடியிருந்தவர்கள் நாங்கள். அவர் அதுவரை ஒன்றிலும் இருந்ததில்லை. எங்கள் பிள்ளைகள் இரண்டும் பிறந்தது அவருடைய வீடுகளில்தான்.

மூத்தவளின் பெயருக்கு வீட்டு உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசிடம் போனபோது சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நொத்தாரிசு வயதான மனிதர், நிதானமானவர். எழுதத் தொடங்குமுன் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, சீவிய உருத்த உங்களுக்கு வச்சுக்கொண்டு எழுதுவமா? வீடு மகள்ட பேருக்குப் போகும். ஆனா நீங்க இரிக்கும் வரைக்கும் அதுல இரிக்கலாம், வாடகையும் எடுக்கலாம். ஒருத்தரும் உங்கள எழுப்ப ஏலாது. கனபேர் அப்பிடித்தான் எழுதுற."

"வேணாம் ஐயா. முழுசா எழுதுங்க."

நான் அவரை வெளியே கூட்டிப் போனேன். கிளாக்கர் புத்தி எனக்கு. "அக்கா, ஒரு வரிதானே. அது உங்களுக்கு ஒரு பாதுகாப்பு. எழுதச் சொல்லுங்க" என்றேன்.

"தம்பி, உங்களுக்கு விளங்கல்ல. உருத்த நான் வச்சுக்கொண்டா வீடு எப்ப அவள்ட கைக்குப் போகும்? நான் செத்தா. அப்ப என்ட புள்ளயும் மருமகனும் ஒவ்வொரு நாளும் விடியக்குள்ள, இவ கண் முழிச்சிட்டாவா எண்டு பாத்துக்கொண்டு இரிக்கணுமா? அப்பிடியொரு வீட்ட நான் என்ட புள்ளைக்குக் குடுக்கமாட்டன்."

நான் திரும்ப உள்ளே போய்ச் சாட்சிக் கையெழுத்தை வைத்தேன். அன்றைக்கு அது பெரிய மனசாகத்தான் தெரிந்தது. இன்றைக்கும் பெரிய மனசு என்றுதான் சொல்லுவேன். ஆனால் நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, யார்மீது என்றுதான் தெரியவில்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அப்படியே முழுசாகத்தான் எழுதிக் கொடுத்தார்.

நாலாவது ஒரு வீடு இருந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

நாங்கள் மூன்றாவது வீட்டில் இருந்த காலம். வாவிக்கரையில் ஒரு சிறு துண்டு நிலம் மலிவாக வருகிறதென்று வாங்கிப்போட்டார். "இது ஆருக்கு அக்கா? மூணு பேருக்கும் மூணு வீடு ஆயிட்டே" என்று கேட்டேன்.

"இது ஒருத்திக்குமில்ல. இது எனக்கு."

சொல்லும்போது வெட்கப்பட்டார். அவர் வெட்கப்பட்டு நான் கண்டது அப்போதுதான். ஒரு அறை, ஒரு குசினி, வாவியைப் பார்த்த மாதிரி ஒரு விறாந்தை. அவ்வளவுதான். அந்தச் சின்ன வீட்டுக்கு அவர் மேசனோடு பிடித்த சண்டை மற்ற மூன்றுக்கும் சேர்த்துப் பிடிக்கவில்லை. மகள்மாரின் வீடுகளில் யன்னல் எந்த உயரம் என்று மேசன்தான் முடிவு செய்தார். இங்கே யன்னலைத் தாழப் பதிக்க வேண்டும் என்று நின்றார். "வயசாயிட்டா நான் கனநேரம் படுத்துத்தான் கிடப்பன். படுத்துக் கிடக்கக்குள்ள தண்ணி தெரியணும்."

நூல் பிடித்துக் குச்சி அடித்த அன்று என் மனைவியையும் என்னையும் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். வெறும் மணல். நாலு பக்கமும் நூல். "இதான் அறை" என்று நூலைத் தாண்டாமல் வாசல் வரவேண்டிய இடத்தால் சுற்றிப் போய் உள்ளே நுழைந்தார். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு மணலில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார்.

"என்னக்கா செய்றீங்க?"

"இப்பிடிப் படுத்தா வாவி தெரியுதா எண்டு பாக்கிறன்."

மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளும் போய்ப் பக்கத்தில் படுத்தாள். இரண்டு பேரும் மணலில் கிடந்து அங்கே தோணி போகிறது, இங்கே கொக்கு நிற்கிறது என்று கையை நீட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். அவர் தன் வீட்டில் படுத்திருந்தது அது ஒன்றுதான்.

சுவர் மெல்ல மெல்ல லிண்டல் மட்டத்துக்கு வந்தது. மூத்த இரண்டு வீடுகளின் வாடகையும் அப்போது அவருடையதல்ல. மகள்மார் புருசன்மாரின் வேலையோடு ஒருத்தி கொழும்புக்கும் ஒருத்தி மட்டக்களப்பு டவுனுக்கும் போய்விட்டார்கள். வீடுகளை வாடகைக்கு விட்டார்கள். முதல் வீட்டில் கெம்பஸ் பிள்ளைகள், இரண்டாவதில் ஒரு மருந்தகமும் டொக்டரின் அறையும். காசு சேர்த்து வங்கியில் போட்டுத் துண்டுச்சீட்டைப் போனில் படம் பிடித்து அனுப்புவது அக்காவின் வேலை. தனக்கென்று அதில் ஒரு சதம் எடுத்ததில்லை. சுவருக்கு வேண்டியதை இடியப்பம் அவித்துக் கெம்பஸ் கடைகளுக்குப் போட்டுத் தேடினார்.

அப்போதுதான் கடைசி மகளுக்குக் கலியாணம் அவசரமாகச் சரிவந்தது. மூன்றாவது வீட்டை நாங்கள் விட வேண்டும். இனி நாங்கள் கடந்து போக ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் வீடில்லை. எங்கள் காசைத் திருப்ப வேண்டும். "மெதுவாத் தாங்க அக்கா" என்று சொன்னேன். கலியாணத்துக்கு முதல் வாரம் முழுத் தொகையையும் ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு வந்து மனைவியின் மடியில் வைத்தார். நாலாவது வீட்டுக்கு வாங்கி அடுக்கியிருந்த மரம், ஓடு, நிலைகள் எல்லாவற்றையும் விற்றுவிட்டார் என்று மேசன் சொல்லித்தான் பிறகு தெரியும். நாங்கள் செங்கலடியில் ஏறாவூர் ஹாஜியார் ஒருவரின் வீட்டுக்கு மாத வாடகைக்குப் போனோம்.

கலியாணமாகி இரண்டு வருசம் ஆகவில்லை, கடைசி மருமகன் கனடா போக வழி கிடைத்துவிட்டது. காசுதான் இல்லை. சீதனமாக வந்த வீட்டை விற்கக் கூடாது என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார். வாவிக்கரைத் துண்டை லிண்டல் மட்டச் சுவரோடு விற்றார்.

எனக்குச் சொல்லாமலே விற்றார். கேள்விப்பட்டுச் சண்டை பிடிக்கத்தான் போனேன். "அது உங்கட வீடல்லவா அக்கா?" என்று கத்தினேன்.

"என்ட புள்ளதானே கேட்டா. வேற ஆராவது கேட்டிருந்தா ஏலாது எண்டிருப்பன்" என்றார். சுளகில் அரிசியைக் கொழித்துக்கொண்டே இருந்தார். காதில் ஈர்க்கிலும் இல்லை, தோடும் இல்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாங்கினவர்கள் ஆறே மாதத்தில் வீட்டை முடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போவார். தெற்குச் சுவரில் ஓதம் ஏறும், தார் பூசுங்கள் என்று சொல்லிவிட்டு வருவார். அந்த வீட்டுக்காரி நல்ல மனிசி. தேத்தண்ணி கொடுத்து விறாந்தையில் இருத்துவாளாம். உள்ளே வந்து யன்னலைப் பாருங்கள் என்று ஒருநாள் கூப்பிட்டாளாம். அக்கா எழும்பி வந்துவிட்டார். இதை அந்தப் பெண்ணே சந்தையில் என் மனைவியிடம் சொல்லி ஆச்சரியப்பட்டாள். மனைவி அதை எனக்குச் சொல்லும்போது அழுதாள்.

கடைசி மகளும் கனடாவுக்குப் போக மூன்றாவது வீடும் வாடகைக்குப் போனது. அதன் பிறகு அக்கா முதல் வீட்டின் சாமான் அறையில் இருந்தார். முன்னால் கெம்பஸ் பிள்ளைகள், பின்னால் இவர். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, ஊர்ப்புதினம் கேட்பதுபோலக் கேட்டார்.

"தம்பி, இந்தப் பக்கத்துல வாடகைக்கு ஒரு அறை இரிக்குமா?"

"ஆருக்கு அக்கா?"

"எனக்குத்தான். மூத்தவ போன் பண்ணினா. அந்தச் சாமான் அறையில ரெண்டு கட்டில் போடலாமாம், புள்ளயள் கேட்டுக்கொண்டு இரிக்காங்களாம். அவ சொல்றதும் சரிதானே. ரெண்டு கட்டில் போடலாம்தான். நான் அளந்து பாத்தன்."

மகள்மார் கெட்டவர்கள் அல்ல. இதைச் சொல்லியாக வேண்டும். கொழும்புக்கு வா என்று மூத்தவள் எத்தனையோ தரம் அழைத்தாள். அக்கா போய் மூன்றாம் மாடியில் இரண்டு கிழமை இருந்து பார்த்துவிட்டு, கால் மண்ணில் படவில்லை என்று திரும்பி வந்தார். அந்த அறையில் கட்டில் போட்டால் அம்மாவும் தன்னிடம் நிரந்தரமாக வந்துவிடுவாள் என்று மூத்தவள் நினைத்திருக்கவும் கூடும். தாயிடமிருந்துதான் அவர்கள் வீட்டைப் பற்றி எல்லாம் படித்தார்கள். சும்மா கிடக்கிற அறையைச் சும்மா விடக்கூடாது என்று படித்ததும் அவரிடம்தான்.

எங்கள் வீட்டின் பக்க அறையில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவேன். அந்த அறையை ஒழித்துக் கொடுத்தோம். வாடகை வாங்காவிட்டால் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காலையில் மனைவியிடம் கொடுப்பார். அவள் அதை வாங்கிக்கொண்டு நேரே சந்தைக்குப் போய் அவருக்குப் பிடித்த மீனாகப் பார்த்து வாங்கி வருவாள். அவருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரிச் சாப்பிடுவார். அந்த அறையில் அவர் ஒரு ஆணி அடிக்கவில்லை. சேலையைக் கதவின் மேல் போடுவார், சாமிப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். வருத்தம் வந்து படுக்கையில் விழும்வரை மூன்று வீட்டு வாடகையையும் சேர்த்து அனுப்புவதை அவர் விடவில்லை.

சிறுநீரகத்தில் வருத்தம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள்தான் கிடந்தார். கடைசியாக என் மனைவியிடம் பேசியது மழையைப் பற்றி. மூன்றாவது வீட்டுக் கூரையில் ஒரு ஓடு விலகியிருக்கிறதாம், தம்பியிடம் சொல்லி ஆள் ஏற்றச் சொன்னார். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

பிரேதத்தை வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். "எந்த வீட்டுக்கு?" என்று வான்காரன் கேட்டான். நான் மூத்தவளுக்கு எடுத்தேன். கதறி அழுதாள். புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறாளாம்.

"எங்கட வீட்டுக்குக் கொண்டு போங்க மாமா" என்றவள் உடனே அழுகையை நிறுத்தினாள். "ஐயோ, கெம்பஸ் புள்ளயளுக்குச் சோதனை நடக்குது மாமா. ஒரு அறையும் ஒழிவில்ல. எங்க வைக்கிற? தங்கச்சியக் கேளுங்க."

நடுவிலவள் பொலிஸ்காரனைக் கட்டினவள், டவுனில் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். "இஞ்ச பிரேதம் வைக்க விடமாட்டாங்க மாமா. என்ட வீட்டுல டொக்டர்ட அறை, வருத்தக்காரர் வந்து போற இடம். அம்மாவே பாத்து எழுதின அக்ரிமெண்ட் அது." கடைசியவள் கனடாவில். திரையில் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். "என்ட வீட்டுல பச்சப்புள்ளக்காரி இரிக்கா மாமா. போன கிழமைதான் புள்ள பிறந்த. அவங்கள்ட்ட எப்பிடிக் கேக்கிற?"

ஒருத்தியும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். அக்கா உயிரோடு இருந்து கேட்டிருந்தால் மூன்றுக்கும் தலையாட்டியிருப்பார். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. வான்காரனிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மனைவியை அக்காவுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். எங்கள் வீட்டுக்குக் கொண்டு போவதென்றாலும் அது எங்கள் வீடில்லையே. ஹாஜியாரைக் கேட்க வேண்டும்.

ஏறாவூரில் அவருடைய புடவைக் கடையில் யாருக்கோ சாரம் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சாரத்தை மடித்து வைத்துவிட்டு எழும்பினார்.

"என்ன தம்பி, என்ன நடந்த?"

"ஒரு மௌத்து ஹாஜியார். எங்களோட பக்க அறையில இருந்த அக்கா. பிரேதத்த வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கணும். உங்களக் கேக்காமச் செய்யக்கூடாது எண்டு வந்த."

"இன்னாலில்லாஹி" என்று முணுமுணுத்தார். "அவங்களுக்கு வீடு வாசல் இல்லயா?"

"மூணு வீடு கட்டின ஆள் ஹாஜியார். மூணு மகள்மாருக்கும் எழுதிக் குடுத்திட்டா. மூணுலயும் இப்ப வாடகைக்கு ஆக்கள் இரிக்காங்க."

ஹாஜியார் கதிரையில் திரும்ப இருந்தார். மேசையில் கிடந்த அளவுகோலை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார்.

"என்னட்டயும் கேட்டுப் பிரயோசனமில்ல தம்பி" என்றார். "அந்த வீடு இப்ப என்டதில்ல. என்ட மூணாவது மகள்ட பேருக்கு எழுதியாச்சு. கொஞ்சம் பொறுங்க, அவள்ட்டக் கேட்டுச் சொல்றன்."

கடையின் ஒரு மூலைக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனை எடுத்தார். அந்தக் கடைத்தெரு முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு. அன்றைக்கு அவர் மகளிடம் பேசியது இரண்டடி தள்ளி நின்ற எனக்குக் கூடக் கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை, "இல்ல மகள், ஒரு ராவைக்குத்தான்" என்றது மட்டும் காதில் விழுந்தது.

திரும்பியபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

"ஓம் எண்டிட்டா தம்பி. கொண்டு வாங்க" என்றார். நான் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினேன். அவர் பின்னாலேயே வந்தார். மோட்டார் சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, கடைப் பையன்களுக்குக் கேட்காதபடி கேட்டார்.

"நான் கடைக்குப் பின்னால உள்ள அறையிலதான் படுக்கிற, தெரியுந்தானே? இந்தக் கடையையும் சின்ன மகளுக்கு எழுதச் சொல்லிக் கேக்கிறாங்க. எழுதட்டா தம்பி?"